தமிழுக்கு எந்த மரக்கால்?

பூதலூர் ரயிலடி டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்தால் இந்தக் காட்சியைக் காணலாம். நடவு வேலை முடித்து வந்த தோழர் ஒருவர் தம் செல்போனைப் பள்ளிக்கூடப் பையனிடம் நீட்டுகிறார். "தம்பி, பணம் ஏறியிருக்கா, புடிச்சிட்டானான்னு பாரு" என்கிறார். வங்கி அனுப்பிய செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையைத் தடங்கலின்றிப் படிக்கிறவர் அவர். தம் கூலிக் கணக்கைப் படிக்க மட்டும் பிறர் தயவு வேண்டியிருக்கிறது. சம்பளத்தை வங்கி வழியே வாங்கும் மில் தோழரின் கதையும் இதுதான்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் யார் கண்ணிலும் படாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கம்ப்யூட்டரோ செல்போனோ எழுத்தை அறியாது. அது அறிந்தது ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே. அந்த ஒன்றோ பூஜ்யமோ ஒரு பிட். 8 படி ஒரு மரக்கால் என்பது போல 8 பிட் ஒரு பைட். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைப் பிட்டுகளாக அளந்து அனுப்புகிறார்கள்.

ஒரு குறுஞ்செய்தி 140 பைட்தான் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்று வைத்ததால் 160 எழுத்து அடங்குகிறது. தமிழுக்கு ஒரு குறிக்கு 16 பிட். 70 குறிதான் அடங்கும். குறி வேறு, எழுத்து வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். 'பூதலூர்' நம் கணக்கில் 4 எழுத்து. மெஷின் கணக்கில் 7: ப, ஊகாரக் குறி, த, ல, மறுபடி ஊகாரக் குறி, ர, மேலே புள்ளி. ஆக 14 பைட். அதே பெயர் ஆங்கிலத்தில் 6 பைட்டுக்குச் சற்று மேல்.

1991-ல் வந்த யூனிகோட் முறை, தேவநாகரியை அச்சாக வைத்து இந்தியாவில் 1988-ல் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றியதன் விளைவு இது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் முறையையும் தமிழ்நாடு சர்க்கார் 2010-ல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்தது. அதில் பூதலூருக்கு 4 எண்ணே போதும். ஆனால் கையில் இருக்கும் செல்போன் அதை அறியாது. யூனிகோடையும் நாம் பழிக்கவில்லை. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஒருவர் அடித்த தமிழ் அடுத்தவர் மெஷினில் கோணல்மாணலாக வந்த கூத்தை மறக்க முடியுமா?

பிரச்னை கட்டணத்தில் இருக்கிறது. 70 குறியைத் தாண்டினால் தமிழ்ச் செய்தி இரண்டாக, மூன்றாகத் துண்டாகிறது. துண்டுக்குத் துண்டு காசு. லாபக் கணக்குப் பார்க்கிறவர்கள் எந்த மொழியில் அனுப்புவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

மெஷினால் ஆகாது என்பது சாக்கு. செல்போன் தரங்களை வகுக்கும் உலக அமைப்பே தமிழுக்கும் 7 பிட் அட்டவணை ஒன்றை வகுத்திருக்கிறது. அதன்படி ஒரே செய்தியில் 150-க்கு மேல் குறிகள் அடங்கும். ஏட்டில் இருக்கிறது, பரவலாக நடப்பில் இல்லை. இங்கு விற்கும் செல்போன்களில் இந்திய மொழிகளைப் படிக்க வசதி இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரே 2016-ல் ஆணை போட்டிருக்கிறது.

முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்று 1940-களில் போராடிய மண் தஞ்சை. அதே நியாயத்தைத்தான் இங்கும் கேட்கிறோம். தமிழ்ச் செய்தி எத்தனை துண்டானாலும் ஒரு செய்தி என்றே கட்டணம் போட வேண்டும். கூலி, கடன், நெல் பணம் பற்றிய செய்திகள் தமிழில் வர வேண்டும். சங்கங்கள் அடுத்த முறை வங்கி மானேஜரிடம் மனுக் கொடுக்கும்போது இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கட்டும்.