கையைச் சோதியுங்கள், நாக்கை அல்ல!

ஜொகூர் மாநிலத்தில் இன்று வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாசீர் கூடாங்கில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. கூலாய் வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. 2025 ஜனவரி 7ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலையின் வாசலில் ஒரு காவற்காரன் நிற்கிறான். அவன் பெயர் ஆங்கில நேர்முகத் தேர்வு!

தோட்டத்துப் பிள்ளை மனுப் போடுகிறான். சான்றிதழ் சரியாக இருக்கிறது, கை தேர்ந்திருக்கிறது. உள்ளே அழைத்து ஆங்கிலத்தில் ஐந்து கேள்வி கேட்கிறார்கள். அவன் திணறுகிறான். “தோட்டத்துப் பையன்களுக்குத் திறமை போதாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவன் லயத்துக்குத் திரும்பி வந்து, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று தானும் நம்பத் தொடங்கிவிடுகிறான். இதுதான் பெரிய கொடுமை.

நாம் கேட்கிறோம்: திறமை கையில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா?

தோழர்களே, பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறோம். வெள்ளைக்காரத் துரை கப்பலேறி வந்து தோட்டத்தில் இறங்கியபோது அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணவும் வேலை ஏவவும் தமிழ் வேண்டியிருந்தது. அதற்கென்றே புத்தகம் போட்டார்கள். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய அந்தப் புத்தகத்தின் பெயரே ‘கூலித் தமிழ்’! நம்மை எப்படி நினைத்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லும். அது கிடக்கட்டும். துரை உளறிய தமிழைக் கேட்டு நம் பெரியவர்கள் லயத்துக்குள் சிரித்திருக்கலாம். அதற்காக, “இவருக்கு நிர்வாகம் தெரியாது, திருப்பி அனுப்புங்கள்” என்று எவராவது சொன்னதுண்டா? அவர் உளறினால் அது மொழிக் குறை. நம் பிள்ளை தடுமாறினால் அது அறிவுக் குறையா? இது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் பத்துப் பிள்ளைகள் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி என்று பெயர். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். பால் வெட்டுகிறவன் பிள்ளை பால் வெட்டப் போதுமான படிப்பு! ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில், சம்பளம் கட்டுகிறவர்களுக்கு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை புதுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. கணக்கும் அறிவியலும் 2003 முதல் ஆங்கிலத்தில் என்றார்கள். 2009இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். தமிழில் தொடங்கி, மலாயில் முடித்த பிள்ளையை உட்கார வைத்து, “ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொல்” என்கிறார்கள். மூன்று மொழியோடு மல்லுக்கட்டி வந்தவனுக்கு மந்தபுத்தி என்று பட்டம்!

மொழிச் சோதனையை வாசல் தாழ்ப்பாளாக ஆக்குவது புதிய தந்திரமும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் அரசு 1897இல், ஐரோப்பிய மொழி ஒன்றில் மனு எழுதத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் செய்தது. அது யாரைத் தடுக்க வந்தது? இந்தியர்களைத்தான். ஆஸ்திரேலியா 1901இல் அதையே பின்பற்றியது: அதிகாரி சொல்லச் சொல்ல ஐம்பது சொற்களை ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் அங்கே போனார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவரைத் தடுக்க வேண்டுமென்று முடிவு செய்துவிட்டதால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள்! நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தச் சோதனை ஒழிய 1958 ஆயிற்று. பாடம் என்ன? ஆளை வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படுகிறவன் மொழியின் மேல் பழி போடுகிறான்.

எல்லா முதலாளியும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலைக்கு ஆங்கிலம் கேட்கட்டும். ஆபத்துக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிற இயந்திரத்துக்கு அதைப் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்கட்டும். லாரி ஓட்டுகிறவனுக்கும், பெட்டி அடுக்குகிறவளுக்கும், கம்பி இழுக்கிற மின் தொழிலாளிக்கும் ஆங்கிலப் பேச்சுப் போட்டி எதற்கு? கம்பியைக் கொடுத்து இணைக்கச் சொல். சரியாக இணைத்தால் வேலை கொடு!

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், பாகுபாடு பற்றித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழும் தகராறை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநருக்குத் தந்தது. நல்லது. ஆனால் வேலை கேட்டு வாசலில் நிற்பவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! அவன் எங்கே போய் முறையிடுவான்? சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் ஆள் எடுப்பதையும் தொடுகிறது. வேலைக்குத் தேவையில்லாதபோது மொழித் திறனைக் காட்டி ஒதுக்குவதையும் பாகுபாடு என்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

ஆனால் சட்டம் வரும்வரை நம் பிள்ளைகள் கை கட்டி நிற்க வேண்டுமா? கூடாது! ஆங்கிலம் நமக்குப் பகையல்ல. அது ஓர் உளி. பிடிக்கத் தெரிந்தால் போதும். இங்கேதான் ‘ஐம்பது கேள்வி, ஐம்பது பதில்’ என்று காசு வாங்கிக்கொண்டு மனப்பாடம் விற்கிறவர்களை நாம் எதிர்க்கிறோம். எவனோ எழுதிய பதிலை ஒப்பிக்கிற பிள்ளை, கேள்வி ஒரு சொல் மாறினால் கவிழ்ந்துவிடுகிறான். கேள்விகளோ உண்மையில் நாலைந்துதான்.

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்பார்கள். தகப்பன் பெயரும் உடன்பிறந்தார் எண்ணிக்கையும் அவர்களுக்கு வேண்டாம். என்ன படித்தாய், என்ன வேலை செய்திருக்கிறாய், இங்கே எதற்கு வந்தாய் என்ற மூன்றும் போதும். மூன்று சிறு வாக்கியம். “ஒய் ஷுட் வி ஹயர் யூ” என்பார்கள். உன்னை ஏன் எடுக்க வேண்டும் என்று பொருள். தன்னைத் தானே புகழ்வது தப்பு என்று வளர்ந்த பிள்ளை இங்கே வாயடைத்துப் போகிறான். புகழ வேண்டாம், செய்ததைச் சொல். இருட்டில் எழுந்து அம்மாவோடு நிறைக்குப் போனவனுக்கு நேரம் தவறாமை தெரியும். பட்டையை மெல்லிசாகச் சீவி, மரத்தில் காயம் படாமல் வெட்டப் பழகியவனுக்கு நுட்பம் தெரியும். ஸ்டோரில் பால் நிறுத்துக் கணக்கு எழுதியவளுக்கு அளவும் பதிவும் தெரியும். இதற்குத்தான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். “ஐ வொர்க் கேர்ஃபுல்லி, ஐ கம் ஆன் டைம்” என்று நெஞ்சு நிமிர்ந்து சொன்னால் அதில் பொய் ஏது?

உன் குறை என்ன என்று கேட்டால், உண்மையான ஒரு குறையையும் அதற்கு நீ செய்கிற பரிகாரத்தையும் சொல். “மை இங்கிலிஷ் இஸ் ஸ்லோ, பட் ஐ அம் லேர்னிங்” என்பதே நல்ல பதில். கேள்வி புரியாவிட்டால் “ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்” என்று கேட்பது உரிமை. புரியாமல் தலையாட்டுவது ஆபத்து. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றால் “நீங்கள் கொடுப்பதை” என்று சொல்லாதே! 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், ஆகஸ்டு 1 முதல் மற்றவர்களுக்கும், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு 45 மணி நேரம். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போ. கடைசியில் “எனி கொஸ்டின்ஸ்?” என்றால் இல்லை என்று எழுந்துவிடாதே. ஷிஃப்டு எத்தனை, கூடுதல் நேரச் சம்பளம் எப்படி என்று கேள். கேள்வி கேட்கிற தொழிலாளியை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது.

பெண் பிள்ளைகளிடம், “கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சகோதரிகளே, அது வேலையைப் பற்றிய கேள்வி அல்ல. “ஐ கேன் டூ த ஷிஃப்ட்” என்று வேலையைப் பற்றியே பதில் சொல்லுங்கள். 98 நாள் பிரசவ விடுப்பு சட்டம் கொடுத்தது. முதலாளி போட்ட பிச்சை அல்ல.

இப்போது கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் ஒரு காலத்தில் ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவே வேலியாக இருந்தது. அந்த வேலியைத் துரை போட்டார். நம்மைப் பிரித்து ஆள அது அவருக்குப் பயன்பட்டது. துரை போய்விட்டார். வேலி மட்டும் ஏன் இருக்க வேண்டும்? உங்களிடம் உள்ள ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். சிகாமட்டானாலும் குளுவாங்கானாலும் லாபிசானாலும், கிளை அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள். தங்கள் சொந்த வேலையைத் தங்கள் வாயால் சொல்லப் பழகட்டும்.

நாம் கோருவது மூன்று. வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லாத இடத்தில் தேசிய மொழியிலோ தொழிலாளி அறிந்த மொழியிலோ நேர்முகத் தேர்வு நடத்த வேண்டும். கைத்தொழிலுக்குக் கையாலேயே சோதனை வைக்க வேண்டும். வேலை தேடி நிற்பவனுக்கும் பாகுபாட்டை எதிர்த்து முறையிடச் சட்டத்தில் இடம் வேண்டும்.

கோருவது முதலாளியிடமும் அரசாங்கத்திடமும். செய்ய வேண்டியது நம்மிடம். துரைக்கு முன் கை கட்டி “எஸ் சார்” என்று மட்டும் சொல்லப் பழக்கினார்கள் நம் பாட்டனை. பேரன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிழையோ சரியோ, தன் உழைப்பைத் தானே எடுத்துச் சொல்லட்டும். கிளைத் தலைவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மேசையைப் போடுங்கள். வகுப்பைத் தொடங்குங்கள்!