அனுப்பாத கடிதம்

ஆபிரகாம் லிங்கனின் வெள்ளை மாளிகையில் தந்திக் கருவி கிடையாது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தன் படைகளின் கதி என்ன என்று தெரிந்துகொள்ள, அமெரிக்க ஜனாதிபதி பக்கத்திலிருந்த போர்த்துறைக் கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். பெரிய சண்டை என்றால் இரவிலும் போவார். மேஜை இழுப்பறையில் கிடக்கும் தந்திகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். பதிலைத் தன் கையாலேயே எழுதுவார்.

கடிதங்கள் வேறு ரகம். வேலை கேட்டும், மன்னிப்புக் கேட்டும், யோசனை சொல்லியும், கொலை மிரட்டல் விடுத்தும் தினமும் குவிந்தன. பிரித்துப் படித்தவர்கள் ஜான் நிக்கலே, ஜான் ஹே என்ற இரண்டு இளைஞர்கள். சட்டம் அனுமதித்தது ஒரே ஒரு செயலாளரை. எனவே 22 வயது ஹே உள்துறை குமாஸ்தா என்ற கணக்கில் சம்பளம் வாங்கினார். (எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் தெரிந்த வித்தைதான்.) ஐம்பதில் ஒரு கடிதத்தைக்கூட லிங்கன் படித்ததில்லை என்று ஹே பின்னாளில் எழுதினார்.

ஆனால் அவர் தானே உட்கார்ந்து எழுதியவற்றில் உயிர்கள் தொங்கின. 1863 ஜூலை முதல் வாரம் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டை. ஜெனரல் மீட் வென்றார். தோற்ற ராபர்ட் லீயின் படை, வெள்ளம் ஓடிய பொடோமாக் நதிக்கரையில் சிக்கி நின்றது. மீட் தயங்கினார். 13ஆம் தேதி இரவு லீ நதியைத் தாண்டித் தப்பிவிட்டார். ஜனாதிபதிக்கு அதிருப்தி என்று தலைமைத் தளபதி ஹாலெக் தந்தி கொடுக்க, மனம் நொந்த மீட், தன்னைப் பதவியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டார்.

14ஆம் தேதி லிங்கன் பேனாவை எடுத்தார். முதலில் வெற்றிக்கு நன்றி. பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார்: லீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், பிடித்திருந்தால் போரே முடிந்திருக்கும், இனி எத்தனை காலம் நீளுமோ. எழுதி முடித்து உறையிலிட்டு, மேலே ஒரு குறிப்பு: மீடுக்கு எழுதியது, அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை. அனுப்பியிருந்தால் வென்ற தளபதியையே இழந்திருப்பார்.

நான்கு நாள் கழித்து, ராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளோடு ஆறு மணி நேரம். மரண தண்டனையைத் தவிர்க்க எந்தச் சாக்கு கிடைத்தாலும் ஜனாதிபதி பிடித்துக்கொண்டதை ஹே டைரியில் குறித்திருக்கிறார். பயந்து ஓடியவர்களைச் சுட்டால் பாவம் ரொம்பவும் மிரண்டுவிடுவார்கள் என்று கிண்டல் வேறு. ராணுவக் கட்டுப்பாடு கெடுவதாகத் தளபதிகள் முணுமுணுத்தார்கள்.

எல்லோருக்கும் இரக்கம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று, படையை விட்டு ஓடிய ஐந்து பேரின் மனு நிராகரிக்கப்பட்டதாக அவர்களிடம் உடனே சொல்லும்படி அதே மீடுக்கு எழுதினார். இரண்டு நாளில் ஐவரும் சுடப்பட்டார்கள். அக்டோபர் 8 அன்று மறுபடியும் மீடுக்குத் தந்தி. இந்த முறை ஒரு பையன். 16 வயதுகூட ஆகவில்லை என்கிறார் தகப்பனார். 18 வயது நிரம்பாத எவரையும் சுடுவதில் தனக்குச் சம்மதமில்லை என்றார் லிங்கன்.

மீட் போர் முடியும்வரை அதே படைக்குத் தளபதியாக நீடித்து, 1872இல் இறந்தார். அவருக்குப் போய்ச் சேராத அந்தக் கடிதம் இப்போது வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.