கேட்கக் கூசலாமா?



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் குருமனைக்கு வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிபவர். அவருடைய தாயார் சிறுநீரக நோயாளி. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வாடகை வண்டிக்கே சம்பளத்தின் பெரும்பகுதி கரைகிறது. ஆகவே, சிறுகச் சிறுகச் சேர்த்த 3 லட்சம் ரூபாயில் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறார்.

“சுவாமி, வியாபாரியிடம் போகும்போது தாங்களும் உடன் வரவேண்டும். தாங்கள் அங்கியோடு நின்றால் அவர் பொய் சொல்ல அஞ்சுவார்” என்றார்.

நாம் நகைத்தோம். ஆனால் அந்நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. அதனை அவரிடம் கூறினோம்; உங்களிடமும் கூறுகிறோம்.

2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அடுத்த ஆண்டு, அப்போது நாம் பணியாற்றிய கிராமப் பங்கிற்கு ஒரு கார் தேவைப்பட்டது. மக்கள் நெல்லும் தேங்காயும் கோழியும் ஏலமிட்டுப் பணம் சேர்த்துத் தந்தார்கள். நகரத்திலுள்ள ஒரு பழைய கார் வியாபாரியை அணுகினோம். வண்டி புதியதுபோல் பளபளத்தது. உள்ளே நறுமணம் கமழ்ந்தது. வியாபாரி எழுந்து கைகூப்பினார், காப்பி வரவழைத்தார். “சுவாமியிடம் போய்ப் பொய் சொல்வேனா?” என்றார். உடன் வந்த உபதேசியார், தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வரலாமா என்று நம் காதில் மெல்லக் கேட்டார். “வேண்டாம், அவர் மனம் நோகும்” என்று கூறிவிட்டு அன்றே பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

எட்டு மாதங்கள் சென்றன. ஓர் இரவு பதினொரு மணிக்கு, மரணத் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் காண விரும்புவதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. அவர் ஊர் 12 கிலோமீட்டர் தொலைவு. பாதி வழியில் விளக்குகள் அணைந்தன, எஞ்சின் நின்றது. எத்தனை முறை சாவியைத் திருகியும் அசையவில்லை. இளைஞர் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து நம்மை ஏற்றிச் சென்றபோது ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அம்மூதாட்டி கண்ணை மூடிவிட்டார். “அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், சுவாமி” என்றார் மகள். அவர் நம்மைக் குறைகூறவில்லை. அதுவே நமக்குப் பாரமாயிற்று.

மறுநாள் மெக்கானிக் தரைவிரிப்பை உயர்த்திக் காட்டினார். அடியில் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. மின்கம்பி இணைப்புகள் பச்சைப் பாசம் பூத்திருந்தன. “இது வெள்ளத்தில் நின்ற வண்டி, சுவாமி” என்றார். வியாபாரி நம்மிடம் பொய் சொன்னாரா? அதற்கும் நம்மால் விடை கூற இயலவில்லை. ஏனெனில் வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று நாம் கேட்கவே இல்லை! குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு, ஒரு தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வெட்கம் தடையாயிற்று.

இவ்வெட்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கேள்வி கேட்டால் பணமில்லாதவர் என்று எண்ணுவார்களோ, நம்பிக்கையற்றவர் என்று கருதுவார்களோ என்னும் கூச்சம் நம் குடும்பங்களில் நிரம்ப உண்டு. கத்தரிக்காயை நகத்தால் கீறிப் பார்த்து வாங்கும் தாய்மார்கள்கூட, வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்குமிடத்தில் வாய்மூடி நிற்கிறார்கள்.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவர் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். அவர் கூறியது எளிது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று பிரித்தறிய இயலாதபோது, எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கிடைக்கும். அவ்விலைக்கு நல்ல வண்டியை யார் விற்பார்? நல்லவை சந்தையை விட்டு விலக, கெட்டவை மிஞ்சும். ஆதலால் நாம் கேட்கத் தவறினால், நேர்மையான வியாபாரியும் நட்டமடைகிறார். கேள்வி அவரை அவமதிப்பதில்லை. அவருடைய நேர்மைக்கு மதிப்பைத் தேடித் தருகிறது.

இனி, நம் அன்பருக்குக் கூறிய யோசனைகளுக்கு வருவோம்.

முதலாவது, கையிலுள்ளது 3 லட்சம் என்றால் இரண்டரை லட்சத்திற்கே வண்டி தேடவேண்டும். டயர், பேட்டரி, கிளட்ச், காப்பீடு, பெயர் மாற்றம் ஆகியவை வாங்கிய மறுமாதமே வாசலில் வந்து நிற்கும். காப்பீட்டில், இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி பழைய உரிமையாளருக்கே உரியது. அது வண்டியோடு வராது.

இரண்டாவது, காலையில் சென்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஓட்டிப் பார்க்கவேண்டும். பானெட் முன்பே சூடாயிருந்தால், கிளப்புவதிலுள்ள சிரமத்தை மறைக்க ஓடவிட்டிருக்கிறார்களா என்று ஐயுறலாம். நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். வெண்புகை அடர்ந்து ஓயாமல் வந்தால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று கொள்ளலாம். ஆயில் மூடியின் உட்புறம் மோர்போல் வெளுத்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பலாகாது. அதனைக் குறைத்துக் காட்டும் வித்தை அறிந்தோர் உளர். 30,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழுவழுத்து, ஓட்டுநர் இருக்கை அமுங்கியிருந்தால் ஏதோ பொருந்தவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். சர்வீஸ் நிலையத்துப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

நான்காவது, நம்மைப்போல் ஏமாறாதிருக்க, இருக்கை வார்களை முழுநீளத்திற்கும் இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு தெரியலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், இருக்கைகளின் அடியிலுள்ள தண்டவாளத்தையும் பாருங்கள். அங்கே துரு பேசும். வாசனைத் தைலம் மிகுதியாய் மணந்தால் எதனை மறைக்கிறது என்று கேளுங்கள்.

வண்டிக்கு அடுத்தபடி காகிதங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இன்றி ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டா. கடன் அடைந்துவிட்டது என்னும் வாய்மொழி போதாது. பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். எத்தனை ஆண்டு மீதியுள்ளது என்று கணக்கிடுங்கள். வெளிமாநில வண்டி விலை மலிவாய்த் தோன்றும்; இங்கே செலுத்தவேண்டிய வரியையும் கூட்டிப் பாருங்கள். நிலுவையிலுள்ள அபராதங்களை வண்டி எண்ணைக் கொண்டு போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலேயே அறியலாம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். அதனைக் காட்டுமாறு கேளுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள், ரசீது பெறுங்கள். பின்னர் வழக்கு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் ரசீதின்றி எதைக் கொண்டு முறையிடுவது?

படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தான பின், பெயர் மாற்றத்தை ஒத்திப்போடலாகாது. வாங்கியவர் 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கும், 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிக்கவேண்டும். விற்றவர்களுக்கும் இங்கே ஒரு சொல். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாய் உறங்குகிறவரின் வாசலில், முன்பின் அறியாத ஒருவர் செய்த விபத்திற்கான சம்மன் வந்து நிற்கக்கூடும்.

நம் அன்பருடன் சென்றோமா என்று கேட்பீர்கள். சென்றோம். ஆனால் நம் அங்கியை நம்பிச் செல்லவில்லை. ஒரு நாள் கூலி கொடுத்து மெக்கானிக்கையும் அழைத்துச் சென்றோம். முதல் இடத்தில், மெக்கானிக் வந்திருக்கிறார் என்று அறிந்ததும் விற்பவரின் முகம் மாறியது. வண்டியைத் தூக்கிப் பார்க்க இடம் தரவில்லை. வணக்கம் கூறித் திரும்பினோம். இரண்டாம் இடத்தில் வண்டி நன்று. கடன் குறிப்பு நீங்கவில்லை. மூன்றாம் இடத்து வியாபாரி, அன்பர் கேட்குமுன்னரே, “இடப்பக்கக் கதவு அடிபட்டு மாற்றியது, இதோ பில்” என்றார். மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து அரைமணி நேரம் ஆராய்ந்தார். அவ்வளவு நேரமும் நாம் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம் வெள்ளை அங்கியின் ஓரத்தில் கிரீஸ் படிந்தது. பத்து ஆண்டு பழகிய அச்சிறு காரை 2 லட்சத்து 45 ஆயிரத்திற்கு அன்பர் வாங்கினார். முகம் சுளிக்காத அவ்வியாபாரிக்கு இன்று நம் பங்கிலிருந்தே வேறு இருவர் வாடிக்கையாளராகியுள்ளனர்.

குடும்பத்தாரே, உங்களில் வாங்குவோரும் உண்டு, விற்போரும் உண்டு. வாங்கும்போது கேளுங்கள். விற்கும்போது, கேளாவிடினும் சொல்லுங்கள். நீங்கள் விற்கும் வண்டியில் நாளை யாரோ ஒரு நோயாளி அமர்ந்து செல்வார்; எங்கோ ஒரு வாசலை நோக்கி ஒருவர் காத்திருப்பார். அவரை நீங்கள் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. ஆயினும் அவர் காத்திருப்பு வீணாகாதிருப்பது உங்கள் ஒரு சொல்லைப் பொறுத்தது.

கடந்த வியாழனன்று அத்தாயார் சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் குருமனை முன் வண்டியை நிறுத்தச் சொன்னார். “ஏறுங்கள் சுவாமி, ஒரு சுற்று போய் வரலாம்” என்றார். மறுக்க மனம் வரவில்லை. ஏறி அமர்ந்ததும் பழக்க தோஷத்தால் காலடியில் இருந்த தரைவிரிப்பைச் சற்றுத் தூக்கிப் பார்த்தோம். உலர்ந்து சுத்தமாயிருந்தது.