நடிப்பன்று, நோயே!



தேவராவில் வாழும் நம் அன்பர் ஒருவர் அண்மையில் மனம் நொந்து கூறிய செய்தியே இத்திங்கள் இப்பகுதிக்குப் பொருளாயிற்று. கல்லூரியில் பயிலும் அவர்தம் மகளுக்கு இரண்டாண்டுகளாக வலிப்பு வருகிறது. உரிய மாத்திரைகளை நாள் தவறாது கொடுத்தும் குறையவில்லை. முடிவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்தார்கள். "இது அபஸ்மாரம் இல்லை, சூடோ சீஷர்" என்று கூறி வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். சூடோ என்றால் என்னவென்று அன்பர் கேட்க, அருகில் நின்ற ஒருவர் 'பொய்' என்று மொழிபெயர்த்தாராம். அன்று மாலைக்குள், 'அந்தப் பெண்ணுக்கு வந்தது கள்ள வலிப்பாம்' என்ற பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. "பெரிய நோய் இல்லையென்று மகிழ்வதா, மகள் நடிக்கிறாள் என்று கேட்டு அழுவதா, சொல்லுங்கள் ஐயா" என்று அவர் வினவினார்.

இது ஒரு வீட்டின் வினா மட்டும் அன்று. இத்தகைய வலிப்புக்கு என்ன பெயரிடுவது என்று நரம்பியல் மருத்துவர்களே பல்லாண்டுகளாகத் தமக்குள் வாதிட்டு வருகின்றனர்.

முதற்கண் நோய் இன்னதென அறிவோம். மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை கட்டுமீறி ஒருங்கே பொங்கி எழுவதால் உண்டாவதே காக்காய் வலிப்பு. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார்; இன்றைய இ.இ.ஜி. சோதனை அவர் வகுத்த வழியே ஆகும். நோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்து, மின்னலைப் பதிவையும் அசைபடத்தையும் இரவு பகலாகச் சேர்த்தெடுப்பது வீடியோ இ.இ.ஜி. எனப்படும். நாம் வாழும் கேரளத்தில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இத்துறையில் புகழ்பெற்றது. வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சை அங்கே 1995-இல் தொடங்கிற்று.

இவ்வாறு சோதிக்கும்போது, சிலருக்கு உடல் துடிக்கிறது, நினைவு தவறுகிறது. ஆயினும் மூளையில் அந்த மின்பொங்கல் மட்டும் காணப்படுவதில்லை. மாத்திரைக்கு அடங்காத வலிப்பென்று சிறப்பு மையங்களுக்கு வருவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இவ்வகையினர் என்பர். அதுவரை இவர்கள் வேண்டாத மருந்துகளை உண்டு களைத்திருப்பார்கள். சரியான முடிவு தெரியச் சராசரியாக ஏழாண்டுகள் ஆயின என்று ஜெர்மனியில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

மின்பொங்கல் இல்லையெனில் நோயே இல்லை என்பது பொருளா? அன்று. வீணையில் நரம்பு அறுந்தாலும் பாட்டு நின்றுவிடும். நரம்பு அறாமலே சுருதி கலைந்தாலும் பாட்டு கெட்டுவிடும். சுருதி கலைந்த வீணையைப் பார்த்து, 'இது பொய் சொல்கிறது' என்பார் உண்டோ? இவ்வலிப்பும் அத்தகையதே. மூளையின் உறுப்பு பழுதுறவில்லை. அதன் இயக்கம் தடுமாறுகிறது. அத்தடுமாற்றம் நோயாளியின் விருப்பத்தால் வருவதன்று. அவர் வேண்டும்போது நிற்பதும் அன்று. விழுந்து காயப்படுவோரும் உண்டு. ஆறாத் துயரோ, அச்சமோ, அடங்கிக் கிடந்த மனப்புண்ணோ சிலருக்குக் காரணமாகலாம். சிலருக்கு அப்படி எதுவுமே புலப்படாது. ஆகவே, 'வீட்டில் என்ன நடந்தது?' என்று நோயாளியைக் குற்றவாளிபோல் விசாரித்தல் தகாது.

இனிப் பெயர்களின் வரலாற்றைக் காண்போம். ஆடவல்லான் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளுருவைத் தமிழில் முயலகன் என்கிறோம்; வலிப்புக்கும் அதுவே பழம்பெயர். வடமொழியில் அவன் அபஸ்மாரன். மலையாளத்தில் அபஸ்மாரம் இன்றும் நோயின் பெயரே. மேனாட்டிலோ, வலிப்பின் உருவில் வந்த இந்த மற்றொரு நோயை ஹிஸ்டீரியா என்றனர். கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அது. பெண்ணின் கருப்பையே கோளாறு செய்கிறது என்ற பழைய மயக்கம் அப்பெயரில் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவப் பேரறிஞர் ஷார்க்கோ இதை ஆழ்ந்து ஆராய்ந்தார். பெயர் மட்டும் மாறவில்லை. பின்னர் 1960-களில் சூடோ சீஷர், அதாவது போலி வலிப்பு, என்ற சொல் மருத்துவ ஏடுகளில் பரவிற்று. நம் அன்பரின் வீட்டில் புகுந்து வேதனை செய்தது அச்சொல்லே.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் ஸ்டோன் முதலிய மருத்துவர்கள், நரம்பியல் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம் பல பெயர்களைக் கூறிக் கருத்துக் கேட்டனர். 'உங்களுக்கு நினைவு தவறுகிறது, சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் இப்பெயரைச் சொன்னால் உங்களைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்று கருதுவீர்கள்?' என்பது வினா. 2003-இல் அவ்வாய்வு வெளியாயிற்று. ஹிஸ்டீரியா, சூடோ போன்ற பெயர்கள், 'நான் நடிக்கிறேன், பைத்தியம் என்று எண்ணுகிறார்' என்ற புண்பாட்டையே தந்தன. இயக்கத் தடுமாற்றத்தைச் சுட்டும் ஃபங்ஷனல் என்ற சொல்லைப் பலர் மனங்கோணாது ஏற்றனர்.

2010-இல் 'நியூராலஜி' ஏட்டில் வேறொரு வாதம் எழுந்தது. சீஷர் என்ற சொல்லே வேண்டா, அது காக்காய் வலிப்பென்ற மயக்கத்தையும் வேண்டாத மாத்திரைகளையும் நீடிக்கச் செய்யும் என்றார் செலீம் பென்பாடிஸ். சீஷர் என்ற சொல் இருக்கட்டும் என்றார் கர்ட் லாஃபிரான்ஸ். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், தன்னுணர்வு கழன்றுபோவதைக் குறிக்கும் டிஸோஸியேடிவ் என்ற சொல்லின்கீழ் இதனை வைத்துள்ளது. மருத்துவரிடையே இன்னும் ஒருமுடிபு இல்லை. ஆயினும் 'போலி' என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

பெயரைப் பற்றி இத்தனை வாதம் எதற்கு என்று கேட்பீராயின், நம் நாட்டுச் சட்டத்தையே சான்றாகக் காட்டலாம். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 1976-இல் வந்த திருத்தத்தால், காக்காய் வலிப்பைப் பித்தத்தோடு சேர்த்துத் திருமணத்திற்குத் தடையாக எழுதி வைத்திருந்தது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. ஏட்டில் இருந்த ஒரு சொல் இருபத்துமூன்று ஆண்டுகள் எத்தனை பெண்களின் வாழ்வில் குறுக்கே நின்றதோ! சட்டம் திருந்தியும் தெருவின் நா திருந்தவில்லை. காக்காய் வலிப்பென்றால் ஒதுக்குகிறோம். அதன்று என்றால் நடிப்பென்கிறோம். நோயுற்ற பெண் எங்கேதான் போவாள்?

அயலூரில் வாழும் நமக்கு இன்னொரு இடரும் உண்டு. மருத்துவர் மலையாளத்தில் கூறுவார். நோய்ப்பெயர் ஆங்கிலத்தில் வரும். நாம் தமிழில் புரிந்துகொள்வோம். மூன்று மொழியைக் கடக்கையில் பொருள் எங்கோ நழுவிவிடுகிறது. ஆதலின் இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 'இது இன்னது அன்று' என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 'அப்படியானால் இது என்ன? எதனால் தெளிந்தீர்கள்? இனி யாரிடம் சிகிச்சை?' என்று பணிவுடன் கேளுங்கள். வலிப்பு வரும்போது கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவதும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

எவ்வகை வலிப்பாயினும் கையில் சாவி கொடுக்க வேண்டா. வாயில் நீரோ கரண்டியோ வைக்க வேண்டா. இடிபடும் பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அமைதியாகப் பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இரு வகையும் ஒருவருக்கே இருத்தலும் உண்டு; எனவே மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துதல் பேராபத்து.

சிகிச்சை மாத்திரையைவிடப் பேச்சாலும் பயிற்சியாலும் அமைவது. பிரிட்டனில் 368 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அப்பயிற்சியால் வலிப்பின் எண்ணிக்கை மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் மன உளைச்சல் தணிந்தது, அன்றாட வாழ்வை நடத்தும் வலிமை கூடிற்று. மனநல மருத்துவரிடம் அனுப்பினால், 'பைத்தியம் என்கிறார்கள்' என்று வெகுளாமல் செல்லுங்கள்.

அன்பரிடம் யாம் கூறியது இதுவே: "மகள் பொய் சொல்லவில்லை. வீட்டில் இதனை இயக்கத் தடுமாற்ற வலிப்பு என்றே சொல்லுங்கள்; முதலில் அவளிடமே சொல்லுங்கள்." அவர் எழுந்து, "இன்றைக்கே சொல்கிறேன்" என்று புறப்பட்டார். அவர்தம் தெருவில் வாழும் நம் அங்கத்தினர்களும் இதனைப் படித்து, அப்பெண்ணை முன்போலவே வீட்டிற்கு அழைத்துப் பேசுவார்களாக.