சிறைக்குள் யார் பொறுப்பு?

வேலூர் மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த ஒருவரை, சிறைத் துறை டிஐஜி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். அந்த வீட்டில் பணம் காணாமல்போனதும் அவர்மீது பழி போட்டு அடித்தார்கள். பிறகு மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தனிமையில் பூட்டிவைத்தார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த புகாரின் சாரம் இது. புகாரைக் கொண்டுவந்தவர் அந்தக் கைதியின் தாய். நீதிமன்றம் தலையிட்ட பிறகு சிபிசிஐடி 14 பேர்மீது வழக்குப் பதிந்தது. டிஐஜி உள்ளிட்ட உயர் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

குற்றச்சாட்டு உண்மையா என்பதை விசாரணை நீதிமன்றம் சொல்லட்டும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத கேள்விகள் சில உண்டு. ஆயுள் கைதி ஒருவர் சிறை வாசலைத் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்ப யார் அனுமதித்தது? ஒருவரைத் தனிமையில் அடைத்தால் தண்டனைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினார்களா? மருத்துவர் அவரைப் பார்த்தாரா? சுவருக்குள் இருக்கும் எந்த அதிகாரியும் கேட்காத இந்தக் கேள்விகளை, வெளியே இருக்கும் ஒரு தாய் கேட்க வேண்டி வந்தது ஏன்?

இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பைச் சட்டம் ஒரே ஒரு பதவியிடம் கொடுத்திருக்கிறது. அது சிறைக் கண்காணிப்பாளர் பதவி. தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகள் ஒவ்வொன்றையும் ஒரு கண்காணிப்பாளர் நடத்துகிறார். அவருக்குக் கீழே கூடுதல் கண்காணிப்பாளர், ஜெயிலர், துணை ஜெயிலர், உதவி ஜெயிலர், தலைமைக் காவலர், வார்டர் என்று வரிசை நீள்கிறது. சிறைகளில் அசம்பாவிதம் நடக்கும்போதெல்லாம் இந்த வரிசையின் அடியில் இருப்பவர்கள்மீதுதான் நடவடிக்கை முதலில் பாய்கிறது. மேலே இருப்பவருக்குப் பெரும்பாலும் இடமாற்றம். இந்த வழக்கம் முடிவுக்கு வர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், கண்காணிப்பாளருக்கு வெள்ளையர் அரசு எவ்வளவு அதிகாரம் தந்திருந்தது என்பது புரியும். ஒழுங்கு, வேலை, செலவு, தண்டனை, கட்டுப்பாடு ஆகிய ஐந்தும் அவர் கையில். சிறைக் குற்றத்துக்குத் தண்டனை வழங்க அவருக்கு மட்டுமே உரிமை. அவருக்குக் கீழே உள்ள எவரும் எந்தத் தண்டனையும் தரக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதாவது, ஒரு வார்டர் கையை ஓங்கினால் அது சட்டத்துக்குப் புறம்பான வன்முறை. கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் நடந்தால் அது அவருடைய நிர்வாகத் தோல்வி. தெரிந்தே நடந்தால் அவரும் உடந்தை. மூன்றாவதாக ஒரு விளக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

அந்த எல்லையற்ற அதிகாரத்துக்குக் கரை கட்டியது உச்ச நீதிமன்றம். திகார் சிறையில் சக கைதி ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தார். தனிமைச் சிறை போன்ற தண்டனைகளை செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் விதிக்கக் கூடாது. அவசரம் என்றால் இரண்டு நாள்களுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கட்டளை. ஐ.நா.வின் 2015-ஆம் ஆண்டு நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாள்களுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைப்பதையே தடைசெய்கின்றன. தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. வேலூர்ப் புகாரில் சொல்லப்பட்ட காலம் மாதக்கணக்கு.

கண்காணிப்பாளரின் பொறுப்பு தண்டனையில் தொடங்குவதில்லை, வாசலில் தொடங்குகிறது. புதிதாக வரும் கைதியின் உடல்நிலையையும், உடம்பில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் மருத்துவப் பரிசோதனை செய்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது அதே 1894 சட்டம். ஏன் இந்த ஏற்பாடு? போலீஸ் காவலில் நடந்தது சிறையின் தலையில் விழக் கூடாது. சிறையில் நடந்தது போலீஸ் தலையிலும் விழக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்று நாள்களுக்குள் இருவரும் இறந்தார்கள். போலீஸ் நிலையத்தில் நடந்த கொடுமைக்கு நாடே கொதித்தது, நியாயமாகவே. ஆனால் ரத்தம் கசியும் உடம்போடு வருகிறவரைச் சிறை எப்படி உள்ளே வாங்க வேண்டும், எப்போது வாங்க மறுத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விவாதம் அந்தக் கொதிப்பில் காணாமல்போயிற்று. ‘வாரண்ட் இருக்கிறது, எடுத்துக்கொண்டோம்’ என்பது அஞ்சலகப் பதிவுக் கடிதத்துக்குச் சரி, மனிதருக்குச் சரியில்லை.

யாரை எங்கே அடைப்பது என்பது அடுத்த முடிவு. 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள், விசாரணைக் கைதியாக இருந்த ஓர் இளைஞரை சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். சாதிப் பகை சிறைக்குள்ளும் புகுந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. அந்தச் சிறையில் வெவ்வேறு சாதியினரை வெவ்வேறு பகுதிகளில் பிரித்துவைக்கும் வழக்கமே இருந்துவந்தது. மோதலைத் தடுக்க அது தேவை என்றது நிர்வாகம். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி, சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலமே இருக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு முகம் சுளித்த சிறை அதிகாரிகள் உண்டு. ‘நாளைக்கு உள்ளே கொலை விழுந்தால் நீதிபதியா பதில் சொல்வார்?’ என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் உண்மையான பயம் இருக்கிறது. ஆனால் சாதிவாரியாகப் பிரித்துவைத்திருந்த காலத்தில்தான் அந்தக் கொலையும் நடந்தது என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. யாருக்கு யாரோடு முன்பகை, எந்த வழக்கில் யார் சாட்சி, யார் யாரை மிரட்டினார் என்று ஆளாளுக்குத் தகவல் திரட்டி இடம் ஒதுக்குவது கடினமான வேலை. சாதியைக் கேட்டு பிளாக் ஒதுக்குவது எளிது. எளிதான வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு மூத்த பதவி எதற்கு?

பாதுகாப்பும் மனிதத்தன்மையும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம் நம் சிறைத் துறையில் ஊறிப்போயிருக்கிறது. 1999 நவம்பர் 17 அந்த எண்ணத்துக்குப் பதில். ஒரு கைதியின் மரணத்தைத் தொடர்ந்து சென்னை மத்திய சிறையில் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். காக்கி உடுத்தியவருக்கும் வெள்ளை உடுத்தியவருக்கும் சாவு ஒரே நாளில் வந்தது. கைதிகளின் மனக்குறை மேலே போய்ச் சேரும் வழி அடைபட்ட சிறையில் முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவர், பிளாக்குக்குள் தனியாக நடந்துபோகும் வார்டர்தான். கைதியின் புகாருக்குக் காது கொடுக்கும் கண்காணிப்பாளர் தன் ஊழியரின் உயிரையும் காப்பாற்றுகிறார்.

கண்காணிப்பாளர் சிறையின் காவலர் மட்டும் அல்லர். அவர் நீதிமன்றத்தின் ஊழியரும்கூட. வாரண்ட் இல்லாமல் ஒரு நாள்கூட ஒருவரை உள்ளே வைக்க அவருக்கு உரிமை இல்லை. இந்தப் பக்கத்தைப் புதிய சட்டங்கள் இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் அல்லாதவற்றில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்துவிட்ட விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தரச் சொல்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. முக்கியமான மாற்றம் என்னவென்றால், அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் கைதி அல்லர், சிறைக் கண்காணிப்பாளர். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே அது உத்தரவிட்டிருக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. இவர்களில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு, தேதியை எண்ணிப் பார்த்து மனு போடும் கண்காணிப்பாளரே கடைசி நம்பிக்கை. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்பதை வைத்தே அவர் பணியை மதிப்பிடலாம். நடைமுறையில், தப்பி ஓடியவர் எத்தனை, பிடிபட்ட செல்போன் எத்தனை என்பதை வைத்தே மதிப்பிடுகிறோம்.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கஞ்சாவும் செல்போனும் சுவர் தாண்டி வந்து விழுகின்றன. ரவுடிக் கும்பல்கள் வெளியே விட்ட சண்டையை உள்ளே தொடர்கின்றன. கைதியை நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோக ஆயுதப்படை வழிக்காவல் கிடைக்க வேண்டும். அது வராத நாளில் திட்டு வாங்குகிறவர் சிறை அதிகாரி. மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் மனநோயாளியையும் அவரே சமாளிக்க வேண்டும். செல்வாக்குள்ள கைதி வந்தால் மேலிடத்துத் தொலைபேசி அடிக்கிறது. சலுகை கொடுத்தாலும் குற்றம், மறுத்தாலும் இடமாற்றம். இத்தனைக்கும் நடுவில் நேர்மையாகச் சிறை நடத்தி ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, நேர்மையை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடாமல் அமைப்புக்குள் கொண்டுவருவதுதான்.

ஒரு சாக்கு மட்டும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. நாடு முழுவதும் சிறைகள் கொள்ளளவைத் தாண்டி, நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் என்ற நிலையில் இருந்த 2022-இல், தமிழ்நாட்டுச் சிறைகளில் மொத்தக் கணக்கில் கொள்ளளவைவிடக் குறைவானவர்களே இருந்தார்கள். சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் பல பத்தாண்டுகளாக வேலூரிலேயே இயங்குகிறது. இடம் இல்லை, பயிற்சி இல்லை என்று இங்கே யாரும் கைவிரிக்க முடியாது. குறை இருப்பது கண்காணிப்பாளரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டில்.

சிறை, அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள். எனவே செய்ய வேண்டியதைச் செய்ய டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு ஐந்து காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, மத்திய சிறைக் கண்காணிப்பாளருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான பதவிக்காலம். காரணத்தை எழுத்தில் பதியாமல் அவரை மாற்றக் கூடாது. இரண்டாவது, கைதியையோ வார்டரையோ அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அனுப்பினால், அனுப்பிய கண்காணிப்பாளர்மீதும் பெற்றுக்கொண்ட அதிகாரிமீதும் குற்ற வழக்கு. மேலதிகாரி கேட்டால் மறுக்கும் துணிவு இந்தச் சட்டப் பாதுகாப்பிலிருந்துதான் வரும். மூன்றாவது, எந்தக் கைதியையும் தனியே பிரித்து அடைத்தால் இரண்டு நாள்களுக்குள் செஷன்ஸ் நீதிபதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தகவல். தினமும் மருத்துவர் பார்த்த குறிப்பு. நான்காவது, 479-ஆவது பிரிவில் தகுதிபெற்றவர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு விண்ணப்பம் போனது, எத்தனை பேர் வெளியே போனார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு சிறையும் மாதந்தோறும் பொதுமக்களுக்கு வெளியிடுவது.

ஐந்தாவதுதான் மற்ற நான்குக்கும் உயிர். சிறைத் துறைக்கு வெளியே, முன்னறிவிப்பின்றி எந்தச் சிறைக்குள்ளும் நுழைந்து எந்தப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் கொண்ட சுதந்திரமான ஆய்வாளர் ஒருவர் வேண்டும். இங்கிலாந்தில் அப்படி ஒரு தலைமை ஆய்வாளர் இருக்கிறார். ஒரு சிறை மிக மோசமாக இருப்பதாக அவர் அவசர அறிவிப்பு கொடுத்தால், நீதித் துறை அமைச்சர் 28 நாள்களுக்குள் பகிரங்கமாகப் பதில் சொல்லியாக வேண்டும். நம்மிடம் பார்வையாளர் குழுக்கள் இருக்கின்றன. மாவட்ட நீதிபதிகளும் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் வருகிற தேதி தெரிந்து, தரை கழுவி, கோலம் போட்டு வரவேற்கும் சோதனையில் எதுவும் சிக்காது.

சட்டமன்றத்தில் சிறைத் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் வருகிறது. பெரும்பாலும் போலீஸ் மானியத்தின் நிழலில் கடந்துபோகிறது. அடுத்த முறை அது வரும்போது, எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் உறுப்பினர்கள் இந்த ஐந்தையும் எழுப்ப வேண்டும். சிறைக்குள் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதவியும் உள்ள ஒருவர் பதில் சொல்வார் என்ற உறுதியை அரசு சட்டமாக்கித் தர வேண்டும். மகனுக்காக ஒரு தாய் உயர் நீதிமன்றம் வரை நடந்த பிறகுதான் பதிவேடுகள் திறக்கும் என்றால், அது சிறை நிர்வாகம் ஆகாது.