விலகலாம், அழிக்கலாமா?

2016 மார்ச் 22 அன்று அசர் கோச்சுலு என்ற நிரலாளர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம் களஞ்சியத்தில் தாம் எழுதி வைத்திருந்த 273 பேக்கேஜ்களையும் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) ஒரேயடியாக நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். மொத்தமே 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்த்து அதன் நீளத்தைச் சரிசெய்வது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் பேபல், ரியாக்ட் போன்ற பெரிய கருவிகள் நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த 11 வரிகளை நம்பியிருந்தன. அன்று தங்கள் மென்பொருளைக் கட்ட உட்கார்ந்தவர்களுக்கு உலகெங்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: லெஃப்ட்-பேட் களஞ்சியத்தில் இல்லை.

கோச்சுலுவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் 'கிக்' என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயரில் குறுஞ்செய்திச் செயலி நடத்திவந்த கனடா நிறுவனம், வணிகமுத்திரையைக் காட்டி அந்தப் பெயரைக் கேட்டது. இவர் மறுத்தார். நிறுவனம் என்பிஎம்மிடம் போனது. என்பிஎம் பெயரை எடுத்து நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அப்படியானால் என்னுடையது எதுவும் இங்கே வேண்டாம் என்று அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். பத்து நிமிடத்துக்குள் இன்னொருவர் அதே செயல்பாட்டை 1.0.0 என்ற எண்ணில் பதிவேற்றினார். பயனில்லை, பல மென்பொருள்கள் 0.0.3 என்ற பழைய பதிப்பைத்தான் குறிப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. சுமார் இரண்டரை மணிநேரம் கழித்து, எழுதியவரின் சம்மதமில்லாமலே, என்பிஎம் பழைய பதிப்பைத் திரும்ப வைத்தது. அவர் கொடுத்திருந்த உரிமம் எவரும் எதுவும் செய்துகொள்ளலாம் என்ற வகையைச் சேர்ந்தது என்பதால் சட்டப்படி அதில் தவறில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள், 11 வரி எழுதக்கூட இன்னொருவரை நம்பியிருந்த நிரலாளர்களைக் குறைசொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் கண்ணில் படுவது வேறு. அன்று மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன: பெயரைப் பறித்தது, நிரலை நீக்கியது, நீக்கியதைத் திரும்ப வைத்தது. மூன்றையும் அந்தந்த நேரத்தில் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களே தனியாக முடிவுசெய்தார்கள். அந்த நிரலை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கு ஒரு வழிமுறையும் அங்கே இல்லை.

பிறகு என்பிஎம் விதியை மாற்றியது. வெளியிட்டுச் சிறிது காலம் கடந்துவிட்டால், வேறு பேக்கேஜ்கள் நம்பியிருக்கும் ஒன்றை நினைத்தபடி நீக்கமுடியாது என்றானது. விதி நல்லதுதான். ஆனால் 2023 டிசம்பர் இறுதியில் சிலர் 'எவ்ரிதிங்' என்ற பேக்கேஜை வெளியிட்டார்கள். களஞ்சியத்தில் உள்ள எல்லாப் பேக்கேஜ்களையும் நம்பியிருப்பதாக அது அறிவித்துக்கொண்டது. அதன் விளைவாக, சொந்தப் பேக்கேஜைக்கூட எவராலும் நீக்கமுடியாத நிலை சில நாட்களுக்கு ஏற்பட்டது. மனிதர்கள் கூடிப்பேசி முடிவெடுக்கவேண்டிய ஒன்றை ஒற்றை விதியிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும்.

என்பிஎம் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2020 முதல் கிட்ஹப் வழியாக மைக்ரோசாஃப்ட்டின் கையில் இருக்கிறது. டெபியன் அப்படிப்பட்டதல்ல. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்தக் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். தலைவரை ஆண்டுதோறும் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல பத்தாயிரம் பேக்கேஜ்கள் கொண்ட அதன் களஞ்சியத்தில் லோஹித் தமிழ் எழுத்துருவும் ஒன்று. ஆகவே அங்கே ஒரு பேக்கேஜ் எப்படி வெளியேற்றப்படுகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமில்லை.

டெபியனில், பராமரிப்பாளரே ஆனாலும், தம் பேக்கேஜைத் தாமே நீக்கிவிட முடியாது. பொதுவில் ஒரு வழு அறிக்கை பதியவேண்டும். தலைப்பு ஆர்எம் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். அடுத்து பேக்கேஜின் பெயர். அதையடுத்து, கேட்பவர் யார் என்பதற்கு ஒரு சுருக்கக்குறி: பராமரிப்பாளர் கேட்டால் ஒன்று, தரக்குழு கேட்டால் இன்னொன்று. பிறகு காரணம்: மூல ஆசிரியர் கைவிட்டுவிட்டார், இப்போது கட்டமுடியவில்லை, இதைவிட நல்ல மாற்று வந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று, ஒரே வரியில். எஃப்டிபி மாஸ்டர்கள் எனப்படும் களஞ்சியப் பொறுப்பாளர்கள் அதைப் படித்து, இந்தப் பேக்கேஜை வேறு எவை நம்பியிருக்கின்றன என்று சோதிக்கிறார்கள். ஏதாவது இருந்தால், முதலில் அவற்றுக்கு வழி செய்யுங்கள் என்று கோரிக்கையை நிறுத்திவைக்கிறார்கள். நீக்கியபின்னும் அந்த அறிக்கை அழிவதில்லை. ஏன் போயிற்று, யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எவரும் படித்துக்கொள்ளலாம். நீக்கப்பட்ட பதிப்புகளும் டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் இருக்கின்றன. 2005 முதலான பதிப்புகள் அங்கே கிடைக்கும்.

பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றபோது இந்த நடைமுறைக்குப் பெரிய சோதனை வந்தது. அந்த மொழியை நம்பியிருந்த பேக்கேஜ்கள் ஒவ்வொன்றின் பெயரிலும் வழு அறிக்கை பதியப்பட்டது. மாற்றி எழுத ஆளிருந்தவை பிழைத்தன, ஆளில்லாதவை போயின. 2021 ஆகஸ்டில் வந்த டெபியனின் 11-ஆம் பதிப்பில் மிச்சசொச்சம் இருந்தது. 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் பைத்தான் 2 அறவே இல்லை. பழகிய கருவியை இழந்தவர்களுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தப்பட்ட எவரும், எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லமுடியாது.

நடைமுறை ஒழுங்காக இருந்துவிட்டால் சண்டையே வராது என்றும் இல்லை. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் கதையைப் பாருங்கள். ஜேமி ஸவின்ஸ்கி 1992 முதல் எழுதிவரும் மென்பொருள் அது. திரையைப் பூட்டிக் காக்கிறது. டெபியனின் நிலைப்பதிப்பில் ஒரு மென்பொருள் நுழைந்துவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் போன்ற அவசியமானவற்றைத் தவிர எதுவும் மாறாது. அப்படி மாறாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பதிப்பையே பலர் விரும்புகிறார்கள். ஸவின்ஸ்கிக்கு அதனால் தீராத தலைவலி. என்றோ சரிசெய்துவிட்ட வழுக்களைப் பற்றி, பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அவருக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிப்பு மிகப் பழையதாகிவிட்டால் பயனருக்கு எச்சரிக்கை காட்டும்படி நிரலிலேயே எழுதிவைத்தார். 2016 ஏப்ரலில், டெபியன் பயனர்கள் அந்த எச்சரிக்கையைத் திரையில் பார்த்துத் திகைத்து வழு அறிக்கை பதிந்தார்கள். வெடிகுண்டு வைத்துவிட்டார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். புதிய பதிப்பைத் தர முடியாதென்றால் என் மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று ஸவின்ஸ்கி கேட்டார்.

டெபியன் எடுக்கவில்லை. எச்சரிக்கையை மட்டும் நீக்கிவிட்டுப் பேக்கேஜை வைத்துக்கொண்டது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. மென்பொருளை வைத்துக்கொண்டது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம்; ஆசிரியர் கேட்டார் என்பதற்காகப் பயனர்களின் திரைப்பூட்டைப் பிடுங்கியிருக்கக்கூடாது. ஆனால் எச்சரிக்கையை எடுத்த கையோடு, புகார்கள் அவரிடம் போகாமல் டெபியனுக்கே வரும்படி செய்திருக்கவேண்டும். ஒருவருடைய பெயரைத் தாங்கிய மென்பொருளைப் பழைய நிலையிலேயே வைத்திருக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தப் பழமையால் வரும் ஏச்சுப்பேச்சையும் தாங்களே வாங்கிக்கொள்ளவேண்டும். ஸவின்ஸ்கியின் பேச்சு கடுமையாக இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதன் நியாயத்தைக் கேளாமல் விட்டவர்கள் அதிகம்.

எதையும் நீக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பயனர் களஞ்சியத்தில் எவர் வேண்டுமானாலும் பேக்கேஜ் செய்முறையைப் பதிவேற்றலாம். பராமரிப்பாளர் விட்டுவிட்டுப் போன பேக்கேஜை எவர் வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளலாம். 2018 ஜூலையில், கேட்பாரற்றுக் கிடந்த அக்ரோரீட் என்ற பேக்கேஜை ஒருவர் அப்படி ஏற்றார். செய்முறையில் ஒரு வரி சேர்த்தார். நிறுவுகிறவரின் கணினி வேறோர் இடத்திலிருந்து ஒரு நிரலைத் தரவிறக்கி இயக்கும். அந்த நிரல் கணினியின் விவரங்களைத் திரட்டி வெளியே அனுப்ப முயலும். கண்டுபிடித்தவுடன் சில மணிநேரத்தில் பழையபடி மாற்றி, அவர் கணக்கையும் முடக்கினார்கள். 2025 ஜூலையிலும் பயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளுக்கான திருத்தம் என்ற பெயரில் மூன்று பேக்கேஜ்கள் வந்தன. உள்ளே கணினியைத் தூரத்திலிருந்து கைப்பற்றும் நிரல் இருந்தது. இரண்டு நாளில் நீக்கப்பட்டன. இங்கெல்லாம் வாக்கெடுப்பும் வாதமும் தேவையில்லை. ஆளில்லாத பேக்கேஜைச் சும்மா விட்டுவைப்பதும் ஆபத்து என்பதை அக்ரோரீட் காட்டிவிட்டது.

உரிமச் சிக்கலும் அப்படியே. 2021 மார்ச்சில் ரூபி மொழியின் மைம்மேஜிக் என்ற பேக்கேஜில், நிபந்தனைகள் கொண்ட ஜிபிஎல் உரிமத்தில் வந்த வேறொருவரின் கோப்பு கலந்திருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. அதன் ஆசிரியர் பழைய பதிப்புகளைத் திரும்பப்பெற்றார். ரூபியின் ரெயில்ஸ் கட்டமைப்பில் எழுதப்பட்ட செயலிகள் பல கட்டமுடியாமல் நின்றன. அவரைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. பிறர் பொருளை அவர்கள் நிபந்தனையை மீறி விநியோகித்துக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை.

எங்கள் நிலைப்பாட்டுக்கு உண்மையிலேயே சவாலாக நிற்பது 2019 செப்டம்பரில் நடந்தது. செஃப் என்ற மென்பொருள் நிறுவனம், குடியேறிகளைப் பிடித்து வெளியேற்றும் அமெரிக்க அரசின் ஐஸ் அமைப்போடு ஒப்பந்தம் செய்திருந்தது தெரியவந்ததும், அங்கே முன்பு வேலைபார்த்த சேத் வார்கோ, தாம் எழுதிய செஃப்-சுகர் என்ற பேக்கேஜை நீக்கிவிட்டார். செஃப் பயனர்களின் பணிகள் பல இடங்களில் தடைப்பட்டன. நிறுவனம் முதலில் நிரலைத் திரும்ப வைத்தது. சில நாட்களில், அந்த ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கமாட்டோம் என்று அறிவித்தது. வார்கோவின் சினம் நியாயமானது, பலனும் கிடைத்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த காலம் அது. தன் உழைப்பு அதற்குத் துணைபோகக்கூடாது என்று ஒருவர் நினைப்பதைத் தவறென்று சொல்ல எங்களால் முடியாது. ஆனால் அன்று வேலை நின்றுபோனவர்களில் மிகப் பலருக்கு ஐஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. தம் பெயரை விலக்கி, காரணத்தை எழுதி, இனி ஒரு வரியும் இதற்காக எழுதமாட்டேன் என்று அவர் அறிவித்திருந்தால் அதன் வலு குறைந்திருக்குமா? குறைந்திருக்கலாம். அந்த விலையைத் தெரிந்தேதான் நாங்கள் இதைச் சொல்கிறோம்.

சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு இது புரியக்கூடியது. இதழை எந்த மாதமும் நிறுத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. சந்தாதாரர் எவரும் அவரைக் கட்டிப்போட முடியாது. ஆனால் வெளிவந்த இதழ்களைத் திரும்ப வாங்கிவர, பழைய இதழ்களைச் சேர்த்துவைக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போக அவருக்கு உரிமை கிடையாது. பொதுக் களஞ்சியத்தில் ஒரு நிரலைத் திறந்த உரிமத்தோடு வைப்பதும் அத்தகைய கொடைதான். பராமரிக்கமாட்டேன் என்று சொல்ல அதை எழுதியவருக்கு முழு உரிமை உண்டு. அதற்குக் காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. பிறர் கட்டியதன் அடியிலிருந்து அதை உருவிவிடும் உரிமை அவருக்கும் இல்லை, களஞ்சியம் நடத்துகிறவருக்கும் இல்லை, வணிகமுத்திரையோடு வருகிற நிறுவனத்துக்கும் இல்லை. தீங்கும் திருட்டும் கலந்தது தெரிந்தால் உடனே நீக்கட்டும். மற்றபடி நீக்கம் ஒவ்வொன்றும் டெபியனில் நடப்பதுபோல் பொதுவில் கேட்கப்பட்டு, காரணத்தோடு பதியப்பட்டு, பிரதி ஒன்று காப்பகத்தில் இருக்க நடக்கட்டும். 2016-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வுநிறுவனம் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகம், களஞ்சியங்களுக்கு வெளியேயும் உலகின் மூலநிரல்களைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது. இந்தப் பணிக்கு அரசுகளும் பல்கலைக்கழகங்களும் இன்னும் அதிகம் கொடுக்கவேண்டும்.

ஆனால் காப்பகத்தில் இருக்கும் நிரலுக்குத் தானாகத் திருத்தம் வந்துவிடாது. அதற்கு ஆள் வேண்டும். நீக்கச் சண்டைகளில் பல, ஒரே ஒருவர் பல ஆண்டுகள் சம்பளமின்றிச் சுமந்து களைத்துப்போன இடத்தில்தான் தொடங்குகின்றன. அவர் நீக்கக் கோரிக்கை வைக்கும் நாளில் ஓடிவந்து எதிர்ப்பவர்கள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு வழுவைக்கூடத் திருத்தித் தந்திருக்கமாட்டார்கள். அந்த நிரலின்மீது பெருவணிகம் நடத்தும் நிறுவனங்களும் அதில் அடக்கம்.

டெபியனில் பராமரிப்பாளர் விட்டுச்சென்ற பேக்கேஜ்களின் பட்டியல் ஒன்று எப்போதும் பொதுவில் இருக்கிறது. ஒன்றை ஏற்றுக்கொள்ள டெபியனின் உறுப்பினராக இருக்கவேண்டியதில்லை. ஏற்க விரும்புவதாக அந்தப் பேக்கேஜுக்கான வழு அறிக்கையின் தலைப்பை மாற்றிவிட்டு, வேலையைச் செய்து அனுப்பினால், உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துக் களஞ்சியத்தில் ஏற்றித் தருவார். நிரல் எழுதத் தெரிந்த நம் வாசகர்கள், தங்கள் கணினியில் ஓடும் மென்பொருள்களில் எவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று முதலில் பார்க்கட்டும்.