காட்டிக் கொடுத்தவன் சொல் கல்வியாகுமா?

குற்றக் கூட்டங்களை அறியப் புள்ளி விவரங்கள் போதா. குற்றவாளியிடமே பேசி, அவன் வாய்மொழியைக் கேட்டு எழுத வேண்டும் என்று இக்காலக் குற்றவியலார் கூறுகின்றனர். சரியே. பொத்தேரி இரயிலடியில் நாள்தோறும் வந்திறங்கும் கல்லூரி மாணவர் திரளைக் காண்கிறோம். அவர்களுள் எவரேனும் நாளை இத்துறையில் ஆய்வேடு எழுதக் கூடும். அவர் பொருட்டு ஒன்று சொல்வோம்: வாய்மொழி கேட்பது புதிய முறையும் அன்று, கேட்டதனாலேயே அது உண்மையாகி விடுவதும் இல்லை.

வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையிட்ட 'தக்கர்'களை 1830களில் ஒடுக்கிய ஆங்கில அதிகாரி வில்லியம் ஸ்லீமன் இதைத்தான் செய்தார். பிடிபட்டோரில் சிலரை அப்ரூவர்களாக்கி, அவர்களுடன் நெடிது உரையாடி, குழூஉக்குறிகளையும் வமிசாவளிகளையும் தொகுத்து, 1836-இல் 'ராமசீயானா' என்ற நூலாக்கினார். உழைப்புக்குக் குறைவில்லை. சொல்பவன் ஏன் சொல்கிறான் என்னும் வினாவுக்குத்தான் அங்கே இடமில்லை. தூக்குக் கயிற்றுக்குத் தப்பத் தோழனைக் காட்டிக் கொடுப்பவன், கேட்பவர் விரும்புவதையெல்லாம் சொல்ல மாட்டானா? அதே ஆண்டின் 30-ஆம் சட்டமோ, குறிப்பிட்ட கொலை எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, கூட்டத்தில் இருந்தான் என்று காட்டினாலே ஆயுள் சிறை என்றது. எவ்வளவு எளிதாயிற்று!

குற்றம் குலத்தொழிலாக வருவது என்னும் எண்ணம் இத்தகைய ஏடுகளில் வேரூன்றிற்று. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தையும் பற்றிக் கொண்டது. ஒரு குற்றமும் செய்யாத கள்ளரும் குறவரும் கைரேகை பதிக்க நேர்ந்தது. பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் சுட்டது. அச்சட்டம் இங்கே நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மதரஸாவில் ஓதியோர் இதைக் கேட்டுத் திகைப்பர். ஹதீஸ் கலை அறிஞர் செய்தியை ஏற்குமுன் சொன்னவனைப் பிடித்துக் கொண்டனர். அவன் யாரைச் சந்தித்தான், நினைவாற்றல் எத்தகையது, பொய்யுரைத்ததுண்டா, சொல்வதால் அவன் கட்சிக்கு ஆதாயமுண்டா என்று துருவினர். 'ஜர்ஹு வ தஃதீல்' என்னும் தனிக்கலையே இதற்கென எழுந்தது. ஸ்லீமனின் அறிவிப்பாளருள் ஒருவரேனும் இச்சல்லடையில் தேறுவாரா?

"போலீஸ் ஏட்டை விட்டால் வேறு சான்று ஏது?" என்பார்கள். ஏட்டை எரிக்கச் சொல்லவில்லை. கிம் வாக்னர் 2007-இல் வெளியிட்ட நூலில் அதே ஏடுகளைத்தான் படித்தார். கொள்ளை நடந்தது மெய். அதற்கு ஊர்ப் பெரிய ஜமீன்தார்களின் ஆதரவும் இருந்தது என்று பிரித்துக் காட்டினார். மீனா ராதாகிருஷ்ணாவோ குறவரைப் பற்றி எழுதுகையில் போலீஸ் குறிப்போடு நின்றாரில்லை. உப்பு வரி, இரயில்பாதை, பஞ்சம் ஆகியவற்றின் வரலாற்றையும் புரட்டினார். 2001-இல் வந்த அவர் நூலில் நாம் காணும் குறவர், பொதிமாட்டில் உப்பும் தானியமும் ஏற்றி ஊரூராய் விற்று வந்து, அரசின் உப்புக் கொள்கையாலும் இரயிலாலும் பிழைப்பிழந்த வணிகர்.